போர்வெல் பைப்படியில் வெள்ளை இலை

சின்னவளே, அன்றைக்கு உன் கையில் இருந்த டம்ளரை நான் தட்டிவிட்டேனே, அது கோபம் இல்லை. என்ன என்று நீயும் அண்ணனும் தெரிந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

நம் வீட்டு போர்வெல் பைப்படியில், தண்ணீர் வழிந்தோடும் இடத்தில் ஒரு செடி முளைத்திருந்தது. ஒரு ஜாண் உயரம் இருக்கும். இலையெல்லாம் வெள்ளி பூசினது போல. பார்த்ததும் உப்பு என்றுதான் நினைத்தேன். தோல் பதனிடும் டேனரியில் உப்புத் தோலை உதறுகிற வேலை எனக்கு. உப்பு காய்ந்தால் எப்படி வெள்ளையாகப் பூக்கும் என்று தெரியும். மண்ணிலிருந்த உப்பு இலை வரைக்கும் ஏறிவிட்டது, அந்தத் தண்ணீரைத்தான் நீங்கள் குடிக்கிறீர்கள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

ஊறவைத்த தோலில் உப்பு போயிற்றா என்று பார்க்க, கட்டைவிரலால் தேய்த்து நுனிநாக்கில் வைப்பது என் பழக்கம். மேஸ்திரி பார்த்தால் திட்டுவார். அதே பழக்கத்தில் இலையைத் தேய்த்து நாக்கில் வைத்தேன். கரிக்கவில்லை. பஞ்சு மாதிரி ஒட்டியது. விஷச் செடியாக இருந்தால் என்ற பயம் அப்புறம்தான் வந்தது. ஓடிப்போய் வாய் கொப்பளித்தேன். அதுவும் அதே போர் தண்ணீர் என்பது பாதியில்தான் உறைத்தது.

உங்கள் அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. கேன் தண்ணீர் வாங்கி வந்து, ருசியாக இருக்கும் என்று பொய் சொன்னேன். மறுநாள் நீ பைப்பில் பிடித்துக் குடிக்கப் போனபோதுதான் தட்டிவிட்டேன். அந்த டம்ளரில் நெளிசல் இன்னும் இருக்கிறது.

அடுத்த நாள் செடியில் ஒரு பக்கத்தை வேரோடு பெயர்த்து, பேப்பரில் சுற்றி கம்பெனி பஸ்ஸில் எடுத்துப் போனேன். மாதனூரில் ஏறும் தையல் பிரிவு அக்கா பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா பாய், இது பூளை. பொங்கலுக்கு வாசல்ல காப்பு கட்டுறோமே, பாத்ததில்ல?"

பார்த்திருக்கிறேன், வேப்பிலையோடும் ஆவாரம்பூவோடும் கொத்தாகத் தொங்கும்போது. நம் வீட்டில் கட்டுவதில்லை. செடியாக நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. அக்கா இலையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வெள்ளையாகத் தெரிந்தது முழுக்க மெல்லிய முடி. இலை தண்டில் சேரும் இடத்தில் அரிசி நொய் போலப் பூ. வேரைக் கீறி முகரச் சொன்னார், லேசாகக் கற்பூர வாசம் வந்தது. நான் நக்கிப் பார்த்ததைச் சொன்னேன்.

"நாக்குலயா வெச்சீங்க? செடியும் தோலும் ஒண்ணா பாய் உங்களுக்கு?"

எனக்கும் சிரிப்பு வந்தது. அப்படியென்றால் தண்ணீர் நல்ல தண்ணீர்தானே என்று கேட்டேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"இத வெச்சு அத சொல்ல முடியாது பாய். எங்க கொல்லையில உப்பு ஏறி மல்லாட்ட போச்சு, கேவுரு போச்சு. இது மட்டும் நிக்குது."

வேர்க்கடலையும் கேழ்வரகும் பட்டுப்போன மண்ணில் நிற்கிற செடியைத் திரும்பப் பேப்பரில் சுற்றிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம்தான் நீங்கள் பார்த்த அந்த இரண்டு தொட்டிகளை வைத்தேன். ஒன்றில் பூளை. காய்ந்த பூவைக் கசக்கினால் கடுகைவிடச் சின்னதாகக் கறுப்பு விதை உதிரும். அதை ஆழப் புதைக்காமல் மேலாகத் தூவி, மண் காயாமல் தெளித்தால் போதும், மெதுவாக வரும். இன்னொன்றில் நம் அடுக்களை வெந்தயம்; தண்ணீரில் உப்பு இருந்தால் இது காட்டிக்கொடுத்துவிடும் என்று நினைத்தேன். இரண்டுக்கும் போர் தண்ணீரே ஊற்றினேன்.

பூளை இப்போது தளதளவென்று நிற்கிறது. அதைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமே வருவதில்லை. நான் தினம் குனிந்து பார்ப்பது வெந்தயத்தை. போன வாரம் ஒரு இலை ஓரம் பழுப்பாகக் காய்ந்தது. தகரக் கூரையின் சூடு என்று நிழலுக்கு நகர்த்தினேன். நேற்று இன்னும் மூன்று இலை.

இன்று காலை ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறேன். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். பதில் வரும் வரை அந்தப் பைப்பில் வாய் வைக்காதீர்கள். பூளைக்கு ஊற்றுங்கள், அது தாங்கும். கேனில் தண்ணீர் தீர்ந்தால், வேலையில் இருந்தாலும் எனக்குப் போன் பண்ணுங்கள்.