கை பொறுக்கும் சூடு

யுத்த காலத்தில் என் வீட்டுக்காரர் தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு பீர் ஃபாக்டரியில் கொப்பரை கிண்டும் வேலையில் இருந்தார். குடிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. ஆனால் சட்டையில் அடிக்கும் வாடைக்கு ராயபுரத்தில் எங்கள் தெருவே மூக்கைப் பொத்தும். எனக்கோ எதையும் நோண்டிக் கேட்காவிட்டால் தூக்கம் வராது. பார்லியை முளைகட்டிக் காயவைத்து அரைப்பார்கள் என்பது வரை கேட்டு வைத்திருந்தேன். வடக்கேயிருந்து பார்லி வரத்து குறைந்ததும், முளைகட்டாத நொய்யரிசியையும் வேகவைத்துச் சேர்க்க ஆரம்பித்தார்கள். பசை மாதிரி நிற்கும் நொய்யில் முளைப்பார்லி மாவைக் கொஞ்சம் போட்டால் தண்ணீராய் இளகி இனிக்கிறது என்றார் ஒருநாள். அளக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அப்போது என் மகளுக்கு ஒரு வயது முடியவில்லை. வயிற்றுப்போக்கு வந்து நின்றிருந்தது, எலும்புதான் மிச்சம். எனக்குப் பாலும் வற்றிவிட்டது. கஞ்சியைக் கெட்டியாகக் கொடுத்தால் விழுங்கத் தெம்பில்லை, நீர்க்கக் கொடுத்தால் உடம்பில் ஒட்டவில்லை. அழக்கூடச் சத்தம் வரவில்லை. பிள்ளை தங்காது என்று பயந்துபோயிருந்தேன்.

அங்கே இளகுகிற நொய் இங்கேயும் இளகட்டுமே என்று கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து அரைத்தேன். கொதிக்கிற நொய்க்கஞ்சியில் ஒரு பிடி போட்டுக் கிண்டினேன். இன்னும் இறுகித்தான் போனது. வந்த ஆத்திரத்தில், வேலை விட்டு வந்த மனுஷனை வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

அவர் பானையை எட்டிப் பார்த்தார். "கொதிக்கசொல்லோ போட்டா இன்னா ஆவும்? மாவு வெந்துபூடும்மே, அப்பால இளக்காது. அங்க கை பொறுக்கற சூட்டுக்கு ஆறவுட்டுதான் போடுவாங்க."

இதை முதலிலேயே சொல்வதற்கென்ன? கொதியில் மாவைப் போட்டுத்தானே எங்களுக்குப் பழக்கம். மறுநாள் பானையை இறக்கி ஆறவைத்து, விரல் விட்டுப் பார்த்து மாவைக் கலந்தேன். கிண்டக் கிண்ட அகப்பை லேசாகிக்கொண்டே வந்தது. நாக்கில் வைத்தால் சர்க்கரை போடாமலே இனித்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி ஒரு கொதி விட்டு இறக்கினேன்.

மாமியாருக்குக் கோபம். ஃபாக்டரிச் சரக்கைப் பிள்ளை வாயில் ஊற்றுகிறாள் என்று தெருவுக்கே கேட்கும்படி ஏசிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டாள். புளிக்கவைத்தால்தான் சரக்கு, இது கஞ்சி என்று நானும் விடவில்லை.

மடியில் போட்டுச் சங்கால் புகட்டினேன். மிடறு மிடறாக உள்ளே போனது. கிண்ணம் காலியானதும் குழந்தை என் முகத்தைப் பார்த்தது. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வீறிட்டு அழுதது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

மாமியார் ஓடி வந்தாள். அழுகிற குழந்தையைப் பார்த்தாள், காலிக் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"கஞ்சி இன்னும் கீதாடி?" என்றாள்.