தகட்டுக்குள் கூடிய எலும்பு

பேய், செய்வினைன்னு யாராவது ஆரம்பிச்சா எழுந்து போற ஆளுங்க நான். நம்பினா நம்புங்க, நம்பாட்டிப் போங்க. தஞ்சாவூர்ல ஒரு எலும்பு லேப்ல டெக்னீசியனா இருந்தேன். முறிஞ்ச காலுக்கு பிளேட் வச்சு, இடுப்பெலும்புலேருந்து கொஞ்சம் எடுத்து ஒட்டு வைப்பாங்க. பின்னால பிளேட்டைக் கழட்டும்போது அதைச் சுத்தியிருக்கிற எலும்புல ஒரு துணுக்கு எங்ககிட்ட வரும். அதை ஆசிட்ல வாரக்கணக்கா ஊறவச்சு, மெல்லிசா சீவி, சாயம் ஏத்தி, கண்ணாடித் தகட்டுல ஒட்டி, ஒட்டு பிடிச்சுதான்னு மைக்ராஸ்கோப்ல பார்த்து நோட்டுல பென்சிலால படம் வரைவேன்.

கோவிந்தன்னு நன்னிலம் பக்கத்துக் குத்தகை விவசாயி ஒருத்தர். குத்தகையை விடச் சொல்லி மிராசுதார் ஆளுங்க அவர் காலை உடைச்சுட்டாங்க. வயல்ல இறங்கி உழைக்கிறவனுக்குத்தான் குத்தகை உரிமை, அவருக்கோ வீட்டுல வேற ஆள் கிடையாது. பிளேட்டைக் கழட்டினப்போ அவர் எலும்புத் துணுக்கும் எங்ககிட்ட வந்துது. கால் கூடிடுச்சுன்னு குத்தகை விசாரணையில நம்பினாப் போதும்மான்னு என்கிட்ட சொன்னார். கண்ணாடித் தகட்டைப் பார்த்தா ஒட்டு எலும்புக்கும் பழைய எலும்புக்கும் நடுவுல நல்ல இடைவெளி. படம் வரைஞ்சு, தகட்டு லேபிள்லயும் 'கூடவில்லை'ன்னு எழுதினேன். ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடுற டாக்டர் லீவுல இருந்தார், ரிப்போர்ட் போறதுக்குள்ள விசாரணை முடிஞ்சுடும்னு ஒரு நப்பாசை. மனசு கேட்காம, கூட வேலை பார்த்த செல்விக்கு மட்டும் அந்த இடைவெளியை மைக்ராஸ்கோப்ல காட்டினேன். 'பாவம்'னு சொன்னா. பதினோரு வருஷம் என் டிபன் பாக்ஸ்ல கை வச்சுச் சாப்பிட்டவ.

விசாரணைக்கு நானும் போனேன். மிராசுதாரோட வக்கீல் எடுத்து நீட்டினது என் நோட்டுலேருந்து கிழிச்ச பக்கம். செல்வியோட அண்ணன்தான் மிராசுதாருக்குக் காரியஸ்தர்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். உழுறவனுக்கே நிலம்னு மேடையில முழங்கின கட்சிதான் ஆட்சியில இருந்துது, குத்தகை போயிடுச்சு. கோவிந்தன் கம்பை ஊன்றிக்கிட்டுக் கிட்ட வந்தார்.

"உங்களை நம்பித்தானேம்மா எலும்பைக் கொடுத்தேன்?"

செல்வி மேல அப்படி ஒரு வயித்தெரிச்சல், இன்னிக்கும் ஆறலை.

மறுநாள் காலை பத்து மணி, நல்ல வெயில். அந்தத் தகட்டை எடுத்து வச்சுப் பார்க்கிறேன், இடைவெளியைக் காணோம். புது எலும்பு வளர்ந்து கூடியிருக்கு. செத்த எலும்புங்க, ஆசிட்ல ஊறினது, மேல கண்ணாடி வச்சு மூடினது. தகடு மாறிடுச்சோன்னா அதுவும் இல்ல, அதே நம்பர், என் கையெழுத்துல அதே 'கூடவில்லை', சீவும்போது விழுந்த அதே கீறல்.

கோவிந்தன் ஊரை விட்டே போயிட்டார், கால் கூடுச்சான்னு பார்க்க வழியில்ல. தகடு என் பீரோவுல இருக்கு. நான்தான் தப்பாப் பார்த்து அவர் வயலைத் தொலைச்சேனோன்னு சில நாள் சோறு இறங்காது. இடைவெளியைப் பார்த்த இன்னொரு ஆள் செல்விதான். அவகிட்டப் போய்க் கேட்கலாம். ஆனா அவ என்ன சொன்னாலும் நான் எப்படிங்க நம்புறது?