கிழக்கே ஒரு பங்களா

ஆங்கிலம் கற்பிக்கத் திருநெல்வேலியிலிருந்து கப்பலேறி, மலாயாவில் பாடாங் மேஹா பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளிக்கு வந்தேன். பிள்ளைகள் நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசினால் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாகலாம் என்பது தோட்டத்தின் ஆசை. அவர்கள் ஏபிசிடியைத் தாண்டுவதற்குள் ஜப்பான்காரன் வந்தான், தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓடினார், ஆங்கிலத்துக்குத் தடை விழுந்தது. எனக்கு மட்டும் வேலை ஒழியவில்லை. தினமும் காலையில் பிள்ளைகளைக் கிழக்கே பார்த்து நிறுத்தி, ஜப்பான் சக்கரவர்த்திக்குக் குனிந்து வணக்கம் போடவைக்க வேண்டும் என்று உத்தரவு.

சக்கரவர்த்தி எங்கோ கடலுக்கு அப்பால் இருந்தார். எங்கள் பள்ளிக்குக் கிழக்கே, மேட்டின்மேல், துரையின் காலி பங்களாதான் இருந்தது.

முதல் நாள் நாங்கள் குனிந்ததைப் பார்த்து, பால்மரம் வெட்டப் போன பெண் ஒருத்தி பதறி நின்றாள்.

"தொரை திரும்பி வந்துட்டாரா வாத்தியாரே? ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

என் பதிலுக்குக் காத்திராமல் வாளியை இறக்கிவைத்து, தலைத்துணியை அவிழ்த்து, பங்களாவைப் பார்த்து என்னைவிட அழகாகக் குனிந்தாள். மறுநாள் தோட்டக் கூலிகள் குடியிருந்த லயமே வந்து வரிசையில் நின்றது. எவ்வளவோ விளக்கிப் பார்த்தேன்.

"எதுக்கும் இருக்கட்டும்லா" என்றார்கள்.

சோதனைக்கு வந்த ஜப்பான் அதிகாரி அசந்துபோனான். இவ்வளவு நேர்த்தியாகக் குனியும் ஜனத்தை அவன் இந்த வட்டாரத்திலேயே பார்க்கவில்லையாம். யார் சொல்லிக்கொடுத்தது என்று உடைந்த மலாயில் கேட்டான்.

வெள்ளைக்காரன் என்று சொன்னால் தலை போகும். "நான்தான்" என்றேன்.

என் மாணவர்கள் அத்தனை பேரும் தேறிய ஒரே பாடம் அது. அதை நான் நடத்தவே இல்லை.