எஞ்சினுக்குள் மாட்டிய கை

இன்று பட்ட பயம் இன்னும் அடங்கவில்லை.

கல்முனை நெல் மில்லில், வெள்ளைக்காரன் விட்டுப்போன பழைய எண்ணெய் எஞ்சினைப் பிரித்துக்கொண்டிருந்தேன். உள்ளே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு நட்டு. தோள்வரை கையை விட்டுத் தடவித்தான் கழற்ற வேண்டும். வெளியே உள்ள பெரிய சக்கரம் உருண்டால் உள்ளிருக்கும் கிராங் என்ற வளைந்த இரும்புத் தண்டும் சுற்றும், கை நசுங்கிவிடும். அதற்காகச் சக்கரத்துக்குக் கட்டை முட்டுக் கொடுத்திருந்தோம்.

நட்டு கழன்று கைக்கு வந்த நேரம், என் மனைவியின் தம்பி கலீல் மெதுவாகச் சொன்னான்.

"மச்சான், கட்டை நழுவுது. கைய எடுங்க."

இழுத்தேன். வரவில்லை.

"ஏலாடா. சட்டக்கை எங்கயோ மாட்டிட்டு."

கலீல் நெஞ்சைக் கொடுத்துச் சக்கரத்தைத் தாங்கினான். எண்ணெய்த் தரையில் அவன் கால் வழுக்கியது. சாகும் நேரத்தில் சொல்லும் கலிமா என் வாயில் வந்துவிட்டது.

அப்போது முதலாளி ஹாஜியார், "இன்னும் முடியல்லியா?" என்று கேட்டபடி உள்ளே வந்தார். பார்த்த மாத்திரத்தில், இடுப்பில் கட்டிய வெள்ளைச் சாரம் அழுக்காவதைப் பாராமல் சக்கரத்துக்குத் தோள் கொடுத்தார்.

"சட்டை கிழிஞ்சாக் கிழியட்டும். இழுங்க தம்பி."

ஒரே இழுவையில் சட்டைக் கை தோளோடு கிழிந்தது. நான் வெளியே விழுந்ததும் அவர்கள் சக்கரத்தை விட்டார்கள். அது உருண்டது. என் கை இருந்த இடத்தைக் கிராங் கடந்துபோனது.



சட்டை ஆணியில் மாட்டிக் கிழிந்தது என்று வீட்டில் சொன்னேன். கலீலும் ஓம், அப்படித்தான் என்று தலையாட்டினான்.

அதே மாதிரி நட்டு மறுபக்கமும் ஒன்று இருக்கிறது. நாளைக்குச் சக்கரம் பிடிக்க, இதை வாசிப்பவர்களில் யார் யார் வருகிறீர்கள்?