கணவாய்க்கு நாலு கிலோமீட்டர் கீழே

சைக்கிளில் மலை ஏறப் போகிறேன் என்று நான் சொன்ன அன்று, பரிஸ் நகரத்தில் எங்கள் ஆட்கள் கூடும் லாச்சப்பல் தேத்தண்ணிக் கடையில் சிரிக்காத ஆள் இல்லை. "மேலை ஏறினா அங்கை விசாக் காட் குடுக்கிறாங்களோ?" என்று ஒருவர் கேட்டார். "வன்னியிலை நடந்தது காணாதோ உனக்கு?" என்றார் இன்னொருவர். இந்த இரண்டாவது கேள்வியில் எனக்குக் கோபம் ஏறிவிட்டது. வன்னியில் சண்டைக்குள்ளால் நடந்தவன் மிச்சக் காலம் முழுக்க மெத்ரோ ரயிலில் குந்தியிருந்துதான் போக வேண்டும் என்று ஏதாவது சட்டம் இருக்கிறதா?

எனக்குக் காரணம் இருந்தது. 2010 குளிர்காலத்தில் இத்தாலியிலிருந்து நான் பிரான்சுக்குள் வந்தது ஒரு சரக்கு வானின் பின்பக்கத்தில், வெங்காய மூட்டைகளுக்கு இடையில் படுத்தபடி. மலைப்பாதையில் போகிறோம் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, வயிறுதான் சொன்னது. ஒவ்வொரு வளைவிலும் மூட்டை என்மேல் சரிந்தது, பிறகு நான் மூட்டைமேல் சரிந்தேன். உலகமெல்லாம் இருந்து ஆட்கள் வந்து படம் பிடிக்கிற மலைகளை நான் சாக்கைப் பார்த்தபடி கடந்திருக்கிறேன். எங்களை இறக்கிவிட்ட ஊரின் பெயரை வைத்து, அது எந்தக் கணவாய் என்று பிற்பாடு வரைபடத்தில் தேடிப் பிடித்தேன். அந்த வீதியை ஒருதரம் கண்ணைத் திறந்துகொண்டு, என்னுடைய காலால் மிதித்து, உச்சிவரை ஏறிப் பார்க்க வேண்டும். ஏழெட்டு வருசமாக எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

எனக்கு ஒபர்வில்லியேயில் ஒரு உணவகக் குசினியில் வேலை. பரிஸின் ஸ்டாலின்கிராட் பக்கம் இருக்கும் என் அறையிலிருந்து கால்வாய் ஓரமாகச் சைக்கிளில் போவேன். அந்த வழியில் மேடு என்று சொல்ல ஒரு பாலம்தான் உண்டு. விடுமுறை நாட்களில் அந்தப் பாலத்தில் நாற்பது தரம் ஏறி இறங்குவேன். பிள்ளைகளை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வரும் பெண்கள், இவனுக்கு ஏதோ கழன்றுவிட்டது என்பது போலப் பார்ப்பார்கள்.

கூட வரச் சம்மதித்தவர் ஒரே ஒருவர், திரான்சியில் இருக்கும் மன்னார் அண்ணை. கந்தோரில் மேசை வேலை, பிரெஞ்சுக் குடியுரிமை, நல்ல சைக்கிள், அதைவிட நல்ல சைக்கிள் உடுப்பு. வதிவிடப் பேப்பர் விசயம் என்றால் லாச்சப்பலில் பாதிப் பேர் அவரிடம் கேட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்கள். நானும் கேட்டேன். எங்கள் ஆட்கள் பத்து வருச வதிவிட அட்டையை, அதாவது அந்தக் 'காட்'டை, வெளியே கொண்டு திரிவதில்லை. அது அலுமாரியில் உடுப்புகளுக்குக் கீழே உறங்கும், சட்டைப்பையில் அதன் போட்டோக்கொப்பிதான் இருக்கும். தொலைத்துவிட்டால் புதுக் காட் வரும்வரை வேலையும் இல்லை, நித்திரையும் இல்லை என்ற பயம்.

"எல்லைப் பக்கம் போறம், ஒறிஜினலைக் கொண்டு வரட்டோ அண்ணை?"

"உனக்கென்ன விசரோ? மலையிலை விழுத்திப்போட்டா புதுக் காட்டுக்கு ஆர் பிரெஃபெக்சர் வாசல்லை நிக்கிறது? கொப்பி காணும்."

ரயிலில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு போய், அடிவார ஊரில் அறை எடுத்து, மறுநாள் காலையில் மிதிக்கத் தொடங்கினோம். அந்த வீதியில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு கல் நட்டிருக்கிறார்கள். உச்சிக்கு இன்னும் எவ்வளவு தூரம், அடுத்த துண்டு எவ்வளவு செங்குத்து என்று அதில் எழுதியிருக்கும். பத்தாவது கல்லில் எனக்கு மூச்சு வாங்கியது. எட்டாவதில் ஊசியிலை மரங்கள் விலகின, எதிர் மலையில் ஆடி மாதத்திலும் பனி கிடந்தது. தடி ஊன்றி நடந்து வந்தவர்கள் எல்லோரும் எங்களுக்கு வணக்கம் சொன்னார்கள். பரிஸ் நகரத்தில் என்னோடு ஒரே மாடியில் இருக்கிறவன் இதுவரை எனக்கு வணக்கம் சொன்னதில்லை. ஒவ்வொரு வளைவிலும் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினேன். அன்று வானுக்குள் கிடந்து இதிலேதான் நான் சத்தி எடுத்தேனோ, அதிலேதானோ என்று யோசித்தேன். சந்தோசமாக இருந்தது.

நாலாவது கல்லில் எல்லைக் காவலர்கள் நின்றார்கள். எங்களுக்கு முன்னால் போன பத்துப் பன்னிரண்டு சைக்கிள்காரரும் கையசைத்துவிட்டுப் போனார்கள். எங்களை மட்டும் நிற்பாட்டினார்கள். அண்ணை அடையாள அட்டையைக் காட்டினார், சரி என்றார்கள். நான் கொப்பியைக் கொடுத்தேன். வெயிலில் கண்ணைச் சுருக்கியபடி நின்ற ஒரு நடுவயதுக் காவலர் அதைப் புரட்டிப் பார்த்தார்.

"இது வெறும் காகிதம். அட்டை எங்கே?"

"வீட்டில், பரிசில்."

"இங்கே எதற்கு வந்தாய்?"

"மலை பார்க்க."

அவர் மற்றக் காவலரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. களவாக எல்லை கடக்கிறவன் பட்டப்பகலில், இறுக்கின காற்சட்டையும் மஞ்சள் தலைக்கவசமும் போட்டுக்கொண்டு, பிரான்சிலிருந்து வெளியே போகிற பக்கமாகவா மிதிப்பான்? இதைக் கேட்க நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணை முந்திக்கொண்டார். அவருடைய அழகான பிரெஞ்சில் காவலரிடம் சொன்னார்: "ஒறிஜினலைக் கொண்டு வரும்படி நான் இவரிடம் சொன்னேன். கேட்கவில்லை."

நான் அவரையே பார்த்தேன். அவர் தமிழுக்கு மாறினார். "கோவப்படாதை. எல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டு சொல்லிப்போட்டு இரு. நான் மேலை போயிட்டு வாறன்."

உண்மையாகவே போய்விட்டார்.

என்னை வீதியோரக் கொட்டிலுக்குள் இருத்தினார்கள். மூன்று மணி நேரம். யாருக்கோ போன் எடுத்தார்கள், என் பிறந்த திகதியை மூன்று பேர் மூன்று தரம் கேட்டார்கள். யன்னலால் பார்த்தால் ஆட்கள் மேலே போய்க்கொண்டே இருந்தார்கள். பிள்ளைகள் போனார்கள், ஒரு நாய்கூடக் கூடைக்குள் இருந்தபடி போனது. கடைசியில் என் காட் உண்மைதான் என்று பதில் வந்தது. "சட்டம் சட்டம்தான்," என்றார் அந்தக் காவலர். "இன்று மேலே போக வேண்டாம், கீழே இறங்கு." நான் இறங்கினேன்.

அண்ணை அறைக்கு வந்தபோது கணவாய்ப் பலகைக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படங்களைக் காட்டினார். "உனக்காகவும் ஒண்டு எடுத்தனான்," என்றார்.

"கொப்பி காணும் எண்டு நீங்கள்தானே அண்ணை சொன்னியள்?"

"அவனுக்கு முன்னாலை அப்பிடித்தான் கதைக்கோணும். ரெண்டு பேரும் மாட்டுப்பட்டு என்ன பிரயோசனம்?"

அவர் பொய் சொன்னதாக அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கு நியாயம் விளங்கவில்லை என்று அவர்தான் கவலைப்பட்டார். பேப்பர் உள்ளவர்கள் பேப்பர் இல்லாதவர்களுக்குச் சொல்லும் புத்தி எல்லாம் இந்த வகைதான் என்று அன்றைக்கு எனக்குப் பட்டது. பத்து வருச காட் வைத்திருக்கும் நானும் பேப்பர் உள்ளவன்தான் என்பதையே அந்த மனுசனோடு சேர்ந்து நானும் மறந்துவிட்டேன், அதுதான் இன்னும் ஆத்திரம்.

அடுத்த நாள் பின்னேரம் எங்களுக்கு ரயில். காலையில் அவர் பெட்டி அடுக்கும்போது நான் சைக்கிளை எடுத்தேன்.

"திருப்பியும் பிடிப்பாங்கள்," என்று வாசலில் மறித்தார்.

"பிடிக்கட்டும். என்ரை காலாலைதானே போறன்."

ஏறும் வழியெல்லாம் பிரெஞ்சு வசனங்களைப் பாடமாக்கினேன். எனக்கு உரிமை இருக்கிறது. ஏன் என்னை மட்டும்? உங்கள் மேலதிகாரி யார்? குசினியில் இத்தனை வருசம் ஏச்சு வாங்கிப் பழகிய பிரெஞ்சில் என்னாலும் ஏச முடியும் என்று காட்டத்தான் போனேன். நாலாவது கல்லில் அதே காவலர், கையில் கோப்பிக் குவளையோடு நின்றார். அவர் மறிக்க முதலே நான் பிரேக் பிடித்தேன்.

அவருக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. சிரித்தார். "அட்டை வந்துவிட்டதா?"

"இல்லை. அதே கொப்பிதான்."

"சரி, போ. நல்ல வெயில்," என்று குவளையால் மேலே காட்டினார்.

நேற்று மூன்று மணி நேரம் நான் பொறுத்துக்கொண்டு இருந்தது, அது சட்டம் என்று நினைத்து. சட்டம் என்றால் இன்றைக்கும் அது சட்டம்தானே? அதே காகிதம், அதே ஆள், அதே கல். மாறினது அவருடைய மனநிலை மட்டும். ஒரு மனுசனின் காலை நேரத்துக் கோப்பி ருசியாக இருந்ததால் நான் மலை ஏறலாம் என்றால், நேற்று அந்தக் கொட்டிலுக்குள் நான் எதற்காக இருந்தேன்? கேட்க வேண்டிய நேரம் அதுதான். பாடமாக்கின வசனம் எல்லாம் நாக்கு நுனியில் நின்றது. நான் வாயைத் திறந்தேன்.

"மெர்சி முசியே," என்றேன்.

பணிவாக, தலையையும் கொஞ்சம் குனிந்து.

மிச்ச நாலு கிலோமீட்டரையும் என் வாயைத் திட்டிக்கொண்டே மிதித்தேன். உச்சியில் ஒரு குடும்பம் தங்களைப் படம் எடுத்துத் தரும்படி கேட்டது, எடுத்துக் கொடுத்தேன். பனி மூடிய சிகரங்கள் சுற்றிவர நின்றன. அந்தப் பக்கம் இத்தாலிக்கு இறங்கும் வீதி முழுதாகத் தெரிந்தது, வெங்காய வானுக்குள் நான் உருண்டு வந்த அத்தனை வளைவும் வெயிலில் கிடந்தது. இவ்வளவு காலம் ஆசைப்பட்ட மலைக்கு முன்னால் நின்றுகொண்டு, நான் அந்த மனுசனுக்கு எதற்காக நன்றி சொன்னேன் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.