கழுத்தில் கை வைக்கும் முன்

அருள்புரம் பனியன் கம்பெனியில் என் வீட்டுக்காரர் ஓவர்லாக் டெய்லர், நான் செக்கிங். நாள் முழுக்கக் குனிந்து தைப்பவர்களுக்குக் கழுத்து பிடிப்பது சகஜம். ஷிப்டு முடிந்ததும் ஒருவருக்கொருவர் கழுத்தில் சொடக்கு எடுத்துவிடுவார்கள். அதனால் காய்ச்சலோடு அவர் கழுத்து விறைத்தபோதும் சுளுக்கு என்றார்கள், வாந்தியைப் பித்தம் என்றார்கள். டியூப் லைட் வெளிச்சத்துக்கே அவர் கண்ணைப் பொத்திக்கொண்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. சொடக்கு எடுக்க வந்தவர் கையைத் தட்டிவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

டாக்டர் அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். தாடை நெஞ்சைத் தொடவில்லை. "மூளைக்காய்ச்சலா இருக்குமுங்க. மருந்தை இப்பவே ஆரம்பிச்சர்றேன். வைரஸா பாக்டீரியாவான்னு முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பாத்தாத்தானுங்க தெரியும்."

"முதுகுல குத்துனா இடுப்பு விழுந்துரும், கையெழுத்துப் போடாத" என்று மாமியார் என் கையைப் பிடித்தார்.

"விழுந்தா நான் சுமந்துக்கிடுதேன், கைய விடுங்க அத்தை."

நீர் கலங்கலாக வந்தது. அதைப் பார்த்ததுமே பாக்டீரியாவாக இருக்கும் என்றார் டாக்டர். லேப்பிலும் அதையே சொன்னார்கள். காய்ச்சல் மருந்துக்குக் கேட்டது. இடுப்பு விழவில்லை, ஒரு காது மட்டும் மந்தம்.

இப்போது எங்கள் லைனில் சொடக்கு எடுப்பவர்கள் முதலில் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார்கள். பார்க்காதவர் கையை இன்றும் தட்டிவிடுகிறேன்.