நாற்பது பெட்டியும் ஒரு கூலரும்

என் தங்கை வீட்டுக்காரரைப் போல வாயில்லாத மனிதரை நான் பார்த்ததில்லை. நானோ ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பத்தொன்பது வயதில் இன்னொருவரிடம் கைகட்டி நின்று வேலை பார்ப்பதை விட்டேன். இன்று இந்தப் பக்கத்தில் லாரி, வேன் வைத்திருக்கிற எவரும் என்னைக் கேட்காமல் ஒரு போல்ட்டைக்கூடத் தொடமாட்டார்கள். அப்பேர்ப்பட்டவன் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர் தேனீ வளர்க்கிறவர். அதுவும் பட்டம் வாங்கியவர். பட்டம் வாங்கிவிட்டுப் பூச்சி வளர்க்கிறாரா என்று நான் சிரித்த சிரிப்பை என் தங்கை இன்றுவரை மன்னிக்கவில்லை. அவர் மட்டும் என்னோடு சேர்ந்து சிரித்தார்.

ஊரில் அவருக்குப் பெட்டிக்காரர் என்று பெயர். தேனீயோடு பழகிப் பழகி அவர் கை வேகமாக அசையாது, குரல் உயராது. கதவைச் சாத்தினால் சாத்தியதே தெரியாது. சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பார். எந்தப் பெட்டியில் ராணிக்கு வயதாகிவிட்டது, எந்தப் பெட்டி கோபக்காரப் பெட்டி, எல்லாம் அதில் இருக்கும். வாயால் சொல்ல வேண்டியதையும் அதில்தான் எழுதுவார்.

"வீட்ல உப்பு தீந்துபோச்சுன்னாகூட எழுதி வெச்சுட்டுப் போயிடுறாரு அண்ணே. இவர்கிட்ட சண்டை போடணும்னா நானும் ஒரு பேனா வாங்கணும்" என்பாள் தங்கை.

வருஷத்துக்கு ஒரு முறை மலைக்காடு பூக்கும். மூன்று வாரம்தான். அந்த மூன்று வாரத்தில் தேனீக்கள் சேர்ப்பதை வைத்துத்தான் அந்தக் குடும்பத்துக்கு வருஷம் ஓட வேண்டும். பெட்டிகளின் வாசலில் கம்பி வலை அடித்து, டிரெய்லரில் அடுக்கி, தன் பழைய பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டி மேலே இழுத்துப் போவார். வண்டி ஓடும்வரை பெட்டிக்குள் காற்று போகும். வெயிலில் நின்றுவிட்டால் உள்ளே அத்தனையும் வெந்துவிடும். போன வருஷம் அப்படித்தான், பாதி மலையில் கியர்பாக்ஸ் சூடேறி வண்டி படுத்துவிட்டது. வேறு வண்டி வந்து சேர்வதற்குள் பதினேழு பெட்டி போயிற்று. அவர் யாரையும் குறை சொல்லவில்லை. ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை என்று தங்கைதான் சொன்னாள்.

இந்த வருஷம் கடன்பட்டவர் மாதிரி தயங்கித் தயங்கி என் பட்டறைக்கு வந்தார். நான் கியர்பாக்ஸ் ஆயிலை ஒரு சொட்டு விரலில் தொட்டு முகர்ந்தேன். கருகல் வாடை.

"மாப்ள, இது தானா கியர் மாத்துற வண்டி. பாரம் இழுத்தா ஆயில் கொதிக்கும். அதை ஆத்துறதுக்குக் கம்பெனிக்காரன் ரேடியேட்டருக்குள்ள சுண்டுவிரல் தண்டி ஒரு குழாய் விட்டிருக்கான். கடைக்குப் போயி மிளகாத்தூள் வாங்கிட்டு வர்றதுக்கு அது போதும். நாப்பது பெட்டிக்கு?"

"நீங்க பாத்து எது செஞ்சாலும் சரி மச்சான்."

ரேடியேட்டருக்கு முன்னால், காற்று நேராக வந்து மோதும் இடத்தில், ஆயிலை ஆற்றுவதற்கென்று அடுக்குத் தகடு வைத்த பெரிய கூலராகப் போட்டேன். ஆட்டத்தில் உடையாமல் இருக்க இரும்புப் பட்டை வளைத்துத் தாங்கி செய்தேன். ஹோஸ் எங்கேயும் உரசவில்லை. கிளாம்ப் எல்லாம் ரெட்டை. ஆயிலை மாற்றி, என்ஜின் ஓட ஓட அளவு பார்த்து ஊற்றினேன். அவர் ஆசைப்பட்டாரே என்று ஆயில் சூட்டைக் காட்டும் மீட்டர் ஒன்றும் வைத்துக் கொடுத்தேன். எனக்கு அதெல்லாம் தேவையில்லை, மூக்கே போதும்.

பிறகு என் பலகை. பெரிய வேலை முடிந்து வெளியே போகிற எந்த வண்டியும் என் பட்டறைப் பெயர் இல்லாமல் போனதில்லை. மற்றவர்களுக்குப் பின்பக்கம் கையகலத் தகடு. சொந்த மாப்பிள்ளைக்கு அது போதுமா? முன்பக்கம், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கிரில் கம்பிகளின் மேலேயே, முக்கால் அகலத்துக்கு ஒரு தகரப் பலகை. சிவப்பில் மஞ்சள் எழுத்து. எவனும் கழற்றிக்கொண்டு போகக்கூடாது என்று எட்டு ரிவெட் அடித்தேன்.

அவர் பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நோட்டை எடுத்து ஏதோ எழுதி மறுபடி பைக்குள் வைத்தார்.

"நல்லா இருக்கு மச்சான்."

டிரெய்லர் இல்லாமல் சமதரையில் ஓட்டிப் பார்த்தோம். மீட்டர் முள் எண்பது டிகிரியைத் தாண்டவில்லை. இரண்டு நாள் கழித்து விடியும் நேரத்தில் நாற்பது பெட்டியோடு கிளம்பினோம். என் வேலை மலையேறுவதைப் பார்க்க நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். தங்கை பின்சீட்டில்.

மூன்றாவது வளைவில் முள் நூற்றுப்பத்து. ஐந்தாவதில் நூற்றிருபத்தைந்து.

"மீட்டர் தப்பா காட்டுது மாப்ள. மலிவு மீட்டர்" என்றேன்.

"நீதானே அண்ணே வாங்கிப் போட்ட?" என்றாள் தங்கை.

"நீ சும்மா இரும்மா. இதைவிடப் பெரிய கூலர் இந்த வண்டிக்குள்ள நுழையாது."

ஆறாவது வளைவில் எனக்கே கருகல் வாடை வந்தது. மூக்கு என்னிடம் பொய் சொல்லாது. ஓட்டினால் கியர்பாக்ஸ் போகும். நிறுத்தினால் தேனீ போகும். வெயில் அதற்குள் ரோட்டில் இறங்கியிருந்தது. அவர் வண்டியை ஓரம் கட்டி, நியூட்ரலில் போட்டு என்ஜினை ஓடவிட்டுக் கீழே இறங்கினார். பின்னால் நாற்பது பெட்டியும் சேர்ந்து இரைந்த இரைச்சல் என் காலடியில் அதிர்ந்தது. அவர் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு கையை மட்டும் பிசைந்தார்.

தங்கை பொறுக்கமாட்டாமல் அவர் சட்டைப் பையிலிருந்து நோட்டை உருவிப் புரட்டினாள். அப்படியே சத்தம் போட்டுப் படித்தாள்.

"'பலகை. காற்று எப்படிப் போகும்? மச்சானிடம் கேட்கலாமா?' முந்தாநேத்தே எழுதி வெச்சிருக்காரு அண்ணே! ஏங்க, இதைக் கேக்குறதுக்கு என்ன?"

"ஆசையா மாட்டினாரு..." என்றார் அவர்.

நான் முப்பத்தெட்டு வருஷமாக வண்டி பார்க்கிறேன். காற்று வரும் வழியில் கூலரை வைத்துவிட்டு, அந்த வழியை என் பெயரைக் கொண்டே அடைத்திருக்கிறேன். இந்த மனிதர் அதைப் பார்த்த கணமே கண்டுபிடித்துவிட்டு, என் மனசு நோகுமே என்று நாற்பது பெட்டியையும் பணயம் வைத்து ஆறு வளைவு ஏறியிருக்கிறார்.

"அடப் பாவி மாப்ள, என்னைத் திட்டித் தொலைச்சிருக்கலாமே!"

டிரில் இல்லை. இருந்தது டயர் லிவரும் ஒரு சுத்தியலும். ரிவெட்டை அடித்தவனுக்குத்தான் அதை உடைக்கிற வலி தெரியும். என் வேலை லேசில் பெயராது என்று நான் சொன்னதெல்லாம் சத்தியம் என்று அன்று தெரிந்தது. தங்கை தண்ணீர்க் குடத்தோடு டிரெய்லரில் ஏறிப் பெட்டி மூடிகளை நனைத்தாள். "இன்னும் ரெண்டு ரிவெட் சேத்து அடிச்சிருக்கலாம்ல அண்ணே" என்று அங்கிருந்தே கேட்டாள். எட்டாவதும் உடைந்தபோது பலகை என் பெயரின் நடுவில் மடிந்து போயிருந்தது. கியர்பாக்ஸ் கொஞ்சம் ஆறட்டும் என்றுகூடக் காத்திருக்க முடியாமல் கிளப்பினோம். ஏழாவது வளைவில் முள் நூற்றுப்பதினைந்து. ஒன்பதாவதில் தொண்ணூற்றாறு. கடைசிவரை அதற்கு மேல் அசையவில்லை. கூலரில் குற்றமே இல்லை. இதை யார் கேட்டாலும் சொல்வேன்.

மேலே போனதும் அவர் ஒவ்வொரு பெட்டியாக இறக்கி வைத்து வலையைப் பிரித்தார். முதலில் இரண்டு மூன்று தலை நீட்டும், பிறகு புகை மாதிரி கிளம்பும். முப்பத்தெட்டு பெட்டி கிளம்பியது. டிரெய்லரின் ஓரத்தில், வெயில் பட்ட பக்கத்தில் வந்த இரண்டிலிருந்து எதுவும் வரவில்லை. அவர் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

நான் எது சொன்னாலும் அது பெருமையாகவே வாயில் வந்துவிடும் என்று பயந்து, வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன்.

"இப்ப நான் என்ன செய்யணும் மாப்ள?"

அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு, கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் முதல் முறையாக எனக்கு ஒரு வேலை சொன்னார்.

"பெட்டிங்க வெச்ச இடத்துக்கு வெயில் வந்துடுச்சு மச்சான். ஒண்ணொண்ணா நிழலுக்கு மாத்தணும். மெதுவா தூக்குங்க. அப்புறம், பேசாம தூக்குங்க."

உச்சிப்பொழுதுவரை தூக்கினேன். பேசவில்லை.